இரு வண்டிகளும் ஒரு வானொலியும்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியர் என்ற முறையில் யாதேனும் இலக்கியப் பொருளையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமோ மோட்டார் வண்டியைப் பற்றி எழுதத் துணிந்தோம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை வகுப்பறையிற் பல ஆண்டுகளாகப் பாராட்டி வந்தவர் யாம். அங்ஙனமிருந்தும், முல்லைத்தீவு மாவட்டத்தில் எமக்கென ஒரு தேரை வாங்க நேர்ந்தபொழுது, பாரிக்கு இருந்த தெளிவு எமக்கு வாய்க்கவில்லை. அவன் கொடுப்பதற்கு ஒரு கணமும் தயங்கவில்லை. யாம் வாங்குவதற்கு நான்கு திங்கள் தயங்கினோம். அத்தயக்கத்தின் கதை இது.

எமது ஊர் தண்ணீரூற்று. பெயரே கூறுமாப்போல் ஊற்று நீரால் வாழ்ந்த ஊர். ஊற்றங்கரைப் பிள்ளையாரின் அருள் நிழலில் அமைந்தது. எந்தையார் எழுபத்தெட்டு வயதினர். 2009 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் எறிகணை வீச்சில் இடது காலை முழங்காலின் கீழ் இழந்தவர். நீரிழிவும் அவரைப் பற்றியிருத்தலால் மாஞ்சோலையிலுள்ள மாவட்ட வைத்தியசாலைக்கு மாதந்தோறும், வவுனியாவுக்கு இடையிடையேயும் அவரை அழைத்துச் செல்ல வேண்டும். முச்சக்கர வண்டியில் அவரும் சக்கர நாற்காலியும் யாமும் ஒடுங்கிச் செல்வது ஆண்டுக்கு ஆண்டு அரிதாயிற்று. ஒரு சிறிய கார் வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறே எழுந்தது, ஆடம்பரம் கருதியன்று.

எண்ணம் எழுந்த காலமும் நல்ல காலமன்று. 2020 பங்குனியில் இந்நாட்டு அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்திற்று. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழிந்து, 2025 மாசி முதலாந் திகதியே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. வழி திறந்தும் வரிச்சுமை பெரிதாகையால், புதிய வண்டி ஆசிரியர் ஒருவரின் சேமிப்புக்கும் வங்கிக் கடனுக்கும் எட்டாத உயரத்திலேயே நின்றது. ஆகவே யப்பானிலிருந்து முன்னர் வந்து, இங்கு ஒருவர் ஓட்டிய சுசுக்கி வகன்-ஆர் ஒன்றைத் தேடினோம். அந்நாட்டுச் சட்டம் வகுத்த சிறு கார் வகையைச் சேர்ந்தது அது. 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படாத இயந்திரமும், 3.4 மீற்றருக்கு மேற்படாத நீளமும் உடையது. சிறிதெனினும் கூரை உயர்ந்ததாகையால், காலிழந்த முதியவர் ஏறி இறங்க வாய்ப்பானது.

வகன்-ஆர் என்ற பெயரைத் தெரிந்துகொண்டால் வேலை முடிந்தது என்றே நினைத்திருந்தோம். அப்பெயருக்குள் எத்தனை சாதிகள்! எஃப்.எக்ஸ். என்பது ஒன்று, எஃப்.இசட். என்பது அதனின் மேலானது; ஸ்டிங்ரே என்பது அதனினும் மேலானது; எஃப்.எக்ஸ். தானும் ‘சேஃப்ரி’ என்ற அடைமொழி பெற்றும் பெறாதும் வரும். தொல்காப்பியச் சூத்திரங்களுக்கு உரை கண்ட எமக்கு இவ்வெழுத்துகளுக்கு உரை காண்பது கடினமாயிற்று. இப்படிநிலைகள் பழையனவே என்பதைப் பின்னர் அறிந்தோம். அமெரிக்க நாட்டில் ஹென்றி ஃபோர்ட் ஒரே அமைப்பான தம் ‘ரி’ வகைக் காரை, 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மாத்திரமே விற்றார். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் தலைவரான அல்பிரட் சுலோன், 1920களில் வேறு வழி கண்டார். செவ்ரோலேயிலிருந்து கடிலாக் வரை ஏணிப்படி போல விலைகளை அடுக்கி, ஒரு படியில் நிற்பவன் அடுத்த படியை நோக்கி ஏங்குமாறு செய்தார். இன்று ஒரே காருக்குள்ளேயே அவ்வேணி நிற்கின்றது.

அந்த ஏணியில் எது எந்தப் படியில் இருக்கின்றது என்பதே ஆராயற்பாலது. அயல்நாடாம் இந்தியாவில் 2012 இல் வெளிவந்த மாருதி சுசுக்கி அல்ற்றோ 800 என்னும் காரின் உயர் வகையிலே வானொலிப் பெட்டி சேர்ந்தே வந்தது. சாரதியைக் காக்கும் காற்றுப்பையோ தனி விலைக்குரிய பொருளாக இருந்தது. காற்றுப்பையில்லாத அக்காரை ‘குளோபல் என்கெப்’ என்னும் அமைப்பு மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களைக் காக்கும் தன்மைக்கு அது பெற்ற நட்சத்திரம் பூச்சியம் என 2014 தையில் அறிவித்தது. அந்நாட்டில் எல்லாக் கார்களிலும் சாரதிக்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019 ஆடியிலேதான். காதுக்கு இன்பம் தரும் பொருள் உயிரைக் காக்கும் பொருளுக்கு முன்னதாக வண்டியில் ஏறி அமர்ந்துகொண்டது என்பதே யாம் இதிற் கண்ட பாடம்.

ஈற்றில் வவுனியாவிலுள்ள ஒரு விற்பனை நிலையத்தில், ஏறக்குறைய ஒரே விலைக்கு இரண்டு வண்டிகள் இருப்பதாக அறிந்தோம். முதலாவது எஃப்.இசட். வகை, ஓராண்டு இளையது, குறைந்த தூரம் ஓடியது, பளபளக்கும் கலப்புலோகச் சில்லுகள் உடையது. முன்னைய உரிமையாளர் அதில் அகன்ற தொடுதிரையும், கதவுக்கு இரண்டாக ஒலிபெருக்கிகளும், ஆசனத்தின் கீழே ஒலிவலுவாக்கியும், பின்புறத்தில் அடித்தொனிக்கென ஒரு பெரிய பெட்டியும் பொருத்தியிருந்தார். இரண்டாவது எஃப்.எக்ஸ். சேஃப்ரி, இரும்புச் சில்லும் பிளாஸ்ரிக் மூடியும் கொண்டது, இடது கதவில் ஒரு நெளிவு, யப்பானிய எழுத்துகளோடு கூடிய சிறு வானொலி. எனினும் முற்கண்ணாடியின் மேற்புறத்தில், லேசர்க் கதிரும் கமெராவும் கொண்ட ஒரு கருவி இருந்தது. முன்னே வண்டியோ நடந்து செல்பவரோ குறுக்கிட்டால் முதலில் எச்சரிக்கும். சாரதி தாமதித்தால் தானே தடையை அழுத்தும்.

ஆசிரியர் அறையில் இது பெரிய வழக்காயிற்று. கணித ஆசிரியர் ஆண்டையும் ஓடிய தூரத்தையும் கணக்கிட்டு முதலாவதே தக்கது என்றார். விஞ்ஞான ஆசிரியர் இரண்டாவதற்கு வாதாடினார். சங்கீத ஆசிரியையோ, நல்ல ஒலியமைப்பில்லாத வண்டி சுருதியில்லாத பாட்டுப் போன்றது என்றார். எம் மைந்தன் பதினேழு வயதினன். அவனுக்கு வழக்கே இல்லை. பெரிய பெட்டியுள்ள வண்டியை அவன் மனம் முன்னரே வாங்கிவிட்டது.

உண்மையைச் சொல்லின் எமக்கும் அந்த ஒலியமைப்பில் ஆசை இருந்தது. அதன் காரணத்தைக் கூற வேண்டும். 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். எஞ்சியிருந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சிறிது பெற்றோலால் உயிர்பெற்று, மண்ணெண்ணெயிற் புகைந்து ஓடிய காலம் அது. எந்தையார் செய்திப் பித்தர். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து எடுத்த கம்பியை ஒரு டயோட்டின் வழியே வானொலிப் பெட்டிக்கு இணைத்திருந்தார். இரவு ஒன்பதே காலுக்கு இலண்டனிலிருந்து வரும் பி.பி.சி. தமிழோசை தொடங்கும். அரைமணி நேரமும் மிதியைக் கையாற் சுற்றுவது எமது கடமை. ஒரே சீராகச் சுற்றினால் குரல் தெளிவாக வரும். கை சோர்ந்தால் உலகச் செய்தி முழுவதும் சோர்ந்து மெலியும். “தம்பி, விடாதை! விடாதை!” என்பார் எந்தையார். பதினான்கு வயதில் எம் தோள் வலித்த வலி இன்றும் நினைவிலுண்டு. அப்பெட்டி 2009 இல் எங்கோ ஒரு வழியில் கைவிடப்பட்டது. எனவே, அவருக்கு இனி நல்லதொரு ஒலியமைப்பை யாம் கொடுத்தல் வேண்டும் என்ற ஆசை பிழையன்று என்றே எண்ணினோம்.

வவுனியா வைத்தியசாலையில் எந்தையாருக்கு முறையிருந்த நாளொன்றில், நண்பர் ஒருவரின் வானில் மூவருமாகச் சென்று, திரும்பும் வழியில் விற்பனை நிலையத்திற் புகுந்தோம். முதலாம் வண்டியின் முன்னாசனத்தில் எந்தையாரை அமர்த்தினோம். மைந்தன் பின்னால் ஏறினான். விற்பனையாளரான இளைஞர் மிக மரியாதையுள்ளவர். தம் பொருளின் சிறப்பைக் காட்ட விரும்பி, ஒரு பாட்டை ஓடவிட்டு ஒலியை உயர்த்தினார். மேற்றொனி இனிதாகத்தான் இருந்தது. அடுத்து, பின்னாலுள்ள பெட்டியிலிருந்து அடித்தொனி எழுந்தது. அது காதிற் கேட்கும் ஒலியன்று. ஆசனத்தின் வழியே நெஞ்சில் இடிக்கும் ஒலி.

எந்தையார் யாதும் கூறவில்லை. ஒரு கையால் கதவின் பிடியையும் மறு கையால் எம் மணிக்கட்டையும் இறுகப் பற்றினார். தலையைத் தாழ்த்தி முழங்காலளவுக்குக் குனிந்தார். அந்தக் குனிவை யாம் அறிவோம். பதுங்கு குழியில் அவரருகே யாம் அவ்வாறே குனிந்திருந்தோம். எம் மைந்தன் அப்பொழுது கைக்குழந்தை. அவனுக்கு அந்நாள்களின் நினைவில்லை. எனினும் அவனே பின்னாலிருந்து கையை நீட்டி ஒலியை நிறுத்தினான். எவரும் அவனை ஏவவில்லை.

சிறிது நேரத்தின் பின் எந்தையார் நிமிர்ந்து, திகைத்து நின்ற இளைஞரைப் பார்த்து, “நல்ல சாமான்தான் தம்பி. பாட்டுக் கேக்கிற ஆக்களுக்கு நல்லாயிருக்கும்” என்று அன்போடு சொன்னார். பிறகு எம் பக்கம் திரும்பி, “எனக்குச் செய்தி கேட்டாற் போதும்” என்றார்.

அந்த இளைஞர் நல்லவர். பெட்டியையும் வலுவாக்கியையும் கழற்றித் தருவதாகக் கூறினார். கழற்றினால் சக்கர நாற்காலிக்கும் இடம் கிடைக்கும். ஆகவே, ஒலியைத் தள்ளிவிட்ட பின்னரும் தெரிவு முடியவில்லை. இளமையும் பளபளப்பும் ஒரு பக்கம், தடைக்கருவி மறு பக்கம் என்றாயிற்று. அக்கருவியை யாம் மிகைப்படுத்த விரும்பவில்லை. இருளிலும் மழையிலும் அதன் பார்வை மங்கும். எம் வீதிகளில் இரவிற் படுத்துறங்கும் மாடுகளுக்காக அது ஆக்கப்பட்டதன்று. ஆயினும் நாற்பது கடந்தபின் சாரதி உரிமம் பெற்றவர் யாம். மாலை வகுப்பு முடிந்து எம் மாணவர் கூட்டங் கூட்டமாகத் தெருவோரம் நடந்து செல்வதை நாள்தோறும் காண்கின்றோம். எம் கால் தயங்கும் ஒரு கணத்தில், அவர்களுள் ஒருவருக்காகவேனும் அக்கருவி விழித்திருத்தல் கூடும். ஒலியமைப்பு வண்டிக்குள் இருப்பவருக்கு மாத்திரம் உரியது. தடையோ வெளியே நடப்பவருக்கும் உரியது. இவ்வாறு எண்ணி, நெளிந்த கதவுள்ள வண்டியையே வாங்கினோம். கணித ஆசிரியர் இன்னும் எம்மை மன்னிக்கவில்லை.

வாங்க எண்ணும் அன்பர்களுக்கு யாம் கற்றவற்றுள் சிலவற்றைக் கூறுதல் கடன். சேஃப்ரி என்ற எழுத்தை நம்பாது, கண்ணாடியில் அக்கருவி உளதா எனக் கண்ணாற் காண்க. முற்கண்ணாடி மாற்றப்பட்டதாயின் கமெரா மீளச் சீர்செய்யப்பட்டதா எனக் கேட்க. திறப்பைத் திருப்பியவுடன், அல்லது பொத்தானை அழுத்தியவுடன், காற்றுப்பை விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிடின் பழுதுண்டு; எரியவே இல்லையெனின் விளக்கையே எவரோ கழற்றிப் பழுதை மறைத்திருத்தலும் கூடும். பின்னர் பொருத்திய ஒலியமைப்பாயின், மூல வயர்கள் வெட்டப்பட்டனவா என மின்வேலை அறிந்தவரைக் கொண்டு பார்ப்பிக்க.

வண்டி வீடு வந்த அன்று மாலை எந்தையாரை ஏற்றி வானொலியைத் திருகினோம். இரைச்சல் ஒன்றே கேட்டது. யப்பானில் எஃப்.எம். ஒலிபரப்பு 76 மெகாஹேர்ட்ஸ் முதல், முன்பு 90 வரையும் பின்னர் 95 வரையுமே செல்வது. எம் நாட்டிலோ 108 வரை செல்வது. எம் தமிழ் நிலையங்களுட் பல அப்பெட்டியின் எல்லைக்கு அப்பாலேயே ஒலித்தன. செய்தி ஒன்றே போதும் என்றவருக்குச் செய்தி கேளாத வண்டியை வாங்கினோமே என்று வருந்தினோம்.

அதற்கு மருந்து கண்டவன் எம் மைந்தன். வான்கம்பிக்கும் வானொலிக்கும் இடையே பொருத்தும் சிறு பெட்டியொன்று உண்டாம். மேலுள்ள அலைகளைக் கீழிறக்கி அப்பெட்டிக்கு எட்டச் செய்யும். பெரிய ஒலியமைப்பு வேண்டும் என்று நின்றவன், உள்ளங்கையிலடங்கும் அக்கருவியை வாங்கி வந்து, ஒரு ஞாயிறு முழுவதும் வியர்த்துப் பொருத்தினான். பொழுது சாயும் வேளையில் தமிழ்க் குரல் எழுந்தது. எந்தையார் ஆசனத்திற் சாய்ந்து செய்தி முழுவதையும் கேட்டார். ஒன்பதே கால் ஆனதும், “தமிழோசை வருமோ?” என்றார். அவ்வானொலி நிகழ்ச்சி 2017 சித்திரையோடு நின்றுவிட்டதை நினைவூட்டினோம். சற்று மௌனமாயிருந்தார். பின்னர் எம் தோளைத் தொட்டு, “இப்ப ஆர் சுத்துறது?” என்று கேட்டார்.

“கார்தான் அப்பப்பா” என்றான் மைந்தன்.

எந்தையார் சிரித்தார். அன்றுமுதல் ஒவ்வொரு பயணத்திலும் செய்தி நேரத்தில் வானொலியைத் திருகுவது பேரனின் கடமையாயிற்று. தோள் வலியில்லாத கடமை. அவன் தலைமுறை இத்தகைய எளிய கடமைகளோடே வாழ்க என இறைவனை வேண்டி, யூபிலி காணும் நம் கல்லூரியை வாழ்த்தி அமைகின்றோம்.