இரண்டு அங்குல உயரம்

பெங்களூருவில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஜே.சி. ரோடை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் பெயரைத் தாங்கிய அந்தச் சாலையில் விளக்கு, பம்பர், சீட் உறை, ஹாரன் என்று வண்டிக்கு எதைச் சேர்க்க நினைத்தாலும் அதற்கொரு கடை இருக்கும். அழகையும் சத்தத்தையும் விலைக்கு வாங்கிப் பழகிய இந்த நகரத்தில், பிக்கப் வண்டிக்காரர்கள் சில ஆண்டுகளாகத் தேடி அலைவது உயரத்தை. வண்டியைத் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்தும் அந்தச் சரக்குக்கு ‘லிஃப்ட் கிட்’ என்று பெயர்.

இந்த ஆசை புதியது. பிக்கப் என்றால் மூட்டை ஏற்றும் வண்டி என்பதுதான் நம் ஊரில் நெடுங்கால வழக்கம். அதை வீட்டு வாசலில் நிறுத்திப் பெருமைப்பட யாருக்கும் தோன்றியதில்லை. ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் தயாரான இசுஸு வி-க்ராஸ் 2016இல் வந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. அது பெங்களூருவுக்குப் பக்கத்திலுள்ள பிடதி ஆலையிலிருந்தே வெளிவரும் வண்டி. நான்கு கதவு, ஐந்து இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. வாரம் முழுக்கக் கணினி முன் அமர்ந்திருப்பவர் சனிக்கிழமை சக்லேஷ்பூருக்கோ குடகுக்கோ கிளம்ப ஏற்ற வாகனம். வாங்கிய சில மாதங்களில், அதைச் சற்று உயர்த்தினால் என்ன என்ற யோசனை எட்டிப் பார்க்கிறது.

இதே நகரத்தில் பிக்கப்பை உயர்த்தும் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்கள் ‘லிஃப்ட் கிட்’ என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. கோலார் தக்காளியையும் ஓசூர் முட்டைக்கோஸையும் விடிவதற்குள் மார்க்கெட்டில் இறக்க வேண்டிய மஞ்சள் போர்டு வண்டிக்காரர்கள் அவர்கள். சுமை கூடினால் வண்டியின் பின்புறம் தொய்ந்துபோகும். பட்டறைக்குப் போய் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். பின்பக்கம் நிமிர்ந்துவிடும். முதல் கூட்டத்துக்கு இது பொழுதுபோக்கு, இரண்டாவது கூட்டத்துக்குப் பிழைப்பு. ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் இரண்டு வண்டிகளுக்கும் இரும்பு விதிக்கும் சட்டம் ஒன்றுதான்.

உயரத்தின் மேல் பெங்களூருக்காரர்களுக்கு ஆசை வருவதில் வியப்பில்லை. வேகத்தடை, பள்ளம், தோண்டி மூடாத குழி எல்லாம் இங்கே அன்றாடம். 2022 செப்டம்பரில் பெய்த மழையில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர், யமலூர் பகுதிகளும் மூழ்கின. விலையுயர்ந்த கார்கள் அடித்தளங்களில் மிதக்க, அவற்றின் சொந்தக்காரர்கள் டிராக்டரில் ஏறி அலுவலகம் போனார்கள். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு, உயரமான வண்டி ஒன்று இருந்தால் தப்பிக்கலாம் என்ற எண்ணம் வந்திருக்கும். அந்த எண்ணம் ஆபத்தானது. 2023 மே 21 அன்று கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி ஓர் இளம்பெண் உயிரிழந்தார். அப்படிப்பட்ட வெள்ளத்தில் இரண்டு அங்குலம் ஒரு பொருட்டல்ல. தேங்கிய நீரின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. எந்த கிட்டும் அதைத் தெரியப்படுத்தாது.

அப்படியானால் லிஃப்ட் கிட் செய்வது என்ன? முன்பக்கம் சுருள் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றுகிறார்கள். பின்பக்கம் வளைவு கூடிய ஸ்பிரிங் பட்டை செட்டைப் பொருத்துகிறார்கள். சேஸிஸும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உடலும் மேலே போகின்றன. சக்கரத்துக்கு மேலே இடம் கிடைக்கிறது. வண்டியின் மூக்கும் வாலும் மேட்டில் இடிப்பது குறைகிறது. ஆனால் பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே டிஃபரன்ஷியல், அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாறையில் முதலில் தட்டுவது பெரும்பாலும் அதுதான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் டயரின் விட்டத்தில் கூடியதில் பாதிதான் கிடைக்கும். பலர் இதைப் பணம் கொடுத்து முடித்த பிறகே அறிகிறார்கள்.

கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘எத்தனை அங்குலம்?’ என்பது. கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை கிலோ?’ என்பதுதான். ஸ்பிரிங் என்பது எடைக்காகச் செய்யப்படுவது. முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டிய வண்டி நூறு கிலோ வரை கூடுதலாகச் சுமக்கலாம். அதற்கென்று செய்த விறைப்பான ஸ்பிரிங்கை வெறும் வண்டியில் பொருத்தினால், ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பெலும்பு கணக்குக் கேட்கும். தொட்டியில் 300 கிலோ நிரந்தரமாக ஏற்றிச் செல்பவருக்கான பட்டை செட்டை, மாதம் ஒருமுறை கூடாரம் ஏற்றுபவர் வாங்கினால் பின்சக்கரம் மேடு பள்ளத்தில் தரையை விட்டுத் துள்ளும். ஈரச் சாலையில் துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. எனவே வண்டி வழக்கமாக எவ்வளவு சுமக்கிறது என்பதை எடைமேடையில் ஏற்றி அறிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது. முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

அடுத்தது வகை. ஸ்பிரிங்கின் தலையில் ஒரு வளையம், பின்பக்கம் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு கட்டை என்று வைத்து முடித்துவிடும் மலிவு வழி உண்டு. உயரம் கிடைக்கும். ஆனால் ஷாக் அப்சார்பர் பழையதே. அதன் நீளமும் பழையதே. ஏறிய உயரத்தில் பாதி நீட்டம் ஏற்கெனவே செலவாகிவிட்டதால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் தன் எல்லையில் போய் ‘டக்’கென்று முட்டும். ஆஸ்திரேலியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வரும் முழு செட்டுகளில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கும். கூலியும் சேர்த்தால் செலவு லட்சத்தை எட்டும். அந்தப் பணம் இல்லையென்றால் நல்ல டயரும் புது ஷாக்குகளும் வாங்கிக்கொண்டு உயரத்தை மறந்துவிடலாம். அரைகுறை உயரத்தைவிட அது மேல்.

எவ்வளவு உயர்த்தலாம்? பிக்கப்புகளைப் பாலைவனத்துக்கு ஓட்டிச்செல்லும் ஆஸ்திரேலியாவிலேயே பல மாநிலங்கள் 50 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பொறியாளர் சான்று கேட்கின்றன. அந்த எல்லைக்குக் காரணம் இருக்கிறது. முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட் உயரம் கூடக்கூட அதிகச் சாய்வில் சுழலும். அதன் ரப்பர் உறை கிழியும். உள்ளே மண் புகும். பிறகு ஜாயின்ட்டே போகும். சக்கரத்தின் சாய்வுக் கோணங்கள் மாறி, நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலைபாயும். இரண்டு அங்குலம் வரை இவற்றைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடலாம். நான்கு அங்குலம் என்றால் ஒரு பாகத்தை மாற்றியதற்காக இன்னும் பத்துப் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கும்.

எடை மையத்தின் கணக்கு இன்னும் நேரடியானது. இரு சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. அகலமும், தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் எடை மையமும் கொண்ட ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். பாதி அகலமான 75ஐ 70ஆல் வகுத்தால் 1.07. உடல் உயர்ந்து எடை மையம் 4 செ.மீ. மேலே போனால் அந்த எண் 1.01 ஆகிறது. கவிழாமல் நிற்கும் திறனில் ஏறக்குறைய 5 சதவீதம் போய்விட்டது. கூரையில் கூடாரம் கட்டினால் இன்னும் போகும். தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்திலேயே பிக்கப்புகள் இந்த விஷயத்தில் பலவீனமானவை. 2016இல் ஸ்வீடனின் டெக்னிக்கன்ஸ் வார்ல்ட் பத்திரிகை, குறுக்கே வரும் விலங்கைத் தவிர்க்கத் திடீரென வளைக்கும் சோதனையை நடத்தியது. அதில் சுமார் 60 கி.மீ. வேகத்திலேயே ஹைலக்ஸ் இரண்டு சக்கரங்களில் எழுந்து நின்றது. டொயோட்டா பிறகு மாற்றங்கள் செய்தது. நம் சாலைகளில் குறுக்கே வருவது மாடாகவும் இருக்கலாம், மறந்துபோய் இண்டிகேட்டர் போடாத ஸ்கூட்டராகவும் இருக்கலாம்.

பொருத்தும் வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். அதன் தரம் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. பட்டையை அச்சோடு பிணைக்கும் யு-போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கப்பட்டால் இழுபட்டுவிடும். அவற்றைக் கழற்றி மறுபடி போடக் கூடாது, புதியவைதான் போட வேண்டும். ரப்பர் புஷ்களின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுக்க இறுக்கினால், தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் உட்கார்ந்து எடை விழுந்த பிறகே கடைசி இறுக்கம். பிரேக் ஹோஸ் முழு நீட்டத்திலும் இழுபடாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீல் அலைன்மென்ட் உடனே செய்ய வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

அதிகம் பேர் மறப்பது பின் பிரேக்கை. பல பிக்கப்புகளில், குறிப்பாகச் சுமை வண்டிகளில், பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு வால்வு இருக்கிறது. சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். வண்டி உயர்ந்திருந்தால் சுமை இல்லை என்று எண்ணி அழுத்தத்தைக் குறைத்துவிடும். வெற்று வண்டியில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்த வால்வுக்கு எடை தெரியாது, உயரம் மட்டுமே தெரியும். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தூக்கினால், அதை மறுபடி சரிசெய்யாதவரை, வால்வின் கணக்கில் வண்டி எப்போதும் காலி.

வார இறுதிப் பயணியும் தக்காளி வண்டிக்காரரும் சந்திக்கும் இடம் இதுதான். முன்னவர் வண்டியில் பின் பிரேக் கொஞ்சம் சோம்பலாக இருக்கும். பின்னவர் நிலைமை மோசம். கூடுதல் பட்டை போட்டதால் முழுச் சுமையிலும் வண்டி தாழாது. ஒன்றரை டன் தக்காளியோடு சரிவில் இறங்கும்போதும் வால்வு காலி வண்டிக்கான அழுத்தத்தையே அனுப்பும். வேலை முழுவதும் முன் பிரேக்கின் தலையில் விழும். அது சூடாகிப் பிடிப்பை இழக்கும். பின்பக்கம் தொய்வது வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. பட்டை சேர்ப்பவர் சுமக்கும் பலத்தைக் கூட்டியதாக நினைக்கிறார். சேஸிஸும் அச்சும் பிரேக்கும் பழைய அளவிலேயே இருக்க, அந்த எச்சரிக்கையை மட்டும் வாயடைத்திருக்கிறார். புதிய வண்டிகளில் இந்த வேலையை மின்னணு அமைப்பு செய்கிறது என்றாலும், அதுவும் ஆலையில் வகுத்த உயரத்தையும் ஸ்பிரிங்கையும் நம்பித்தான் கணக்குப் போடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வகுத்தது. அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. கடையில் கிட் தாராளமாகக் கிடைக்கிறது என்பது அது சாலையில் செல்லுபடியாகும் என்பதற்கு அத்தாட்சி அல்ல. வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்வதுதான் முறை. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு ஆய்வாளர் வண்டியின் அடியில் குனிந்து பார்க்கும்போது, சொல்லாமல் விட்ட மாற்றம் இழப்பீட்டையே கேள்விக்குள்ளாக்கும்.

காபித் தோட்டத்துக்குள் மழைக்காலம் முழுவதும் போய்வர வேண்டியவருக்கும், கனமான கருவிகளைத் தினமும் சுமப்பவருக்கும் சரியான ஸ்பிரிங் என்பது தேவை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டிலிருந்து ஒயிட்ஃபீல்டு அலுவலகத்துக்குப் போய்வரும் வண்டிக்கு அந்தத் தேவை இருக்கிறதா என்பதை வாங்குபவர்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். சில்க் போர்டு சந்திப்பின் சிக்னலில் அவருடைய வண்டியைச் சுற்றி நிற்பவை பெரும்பாலும் இருசக்கர வாகனங்கள். இரண்டு அங்குலம் உயர்ந்த பம்பர் அந்த ஓட்டுநர்களின் உடலில் இன்னும் மேலே மோதும். உயர்ந்த முகப்பு விளக்கைத் தாழ்த்தித் திருப்பாவிட்டால் ஒளி அவர்கள் கண்ணில் விழும். பானெட்டுக்கு முன்னால் கண்ணுக்குப் படாத நிலமும் சற்று நீளும். ஒரு குழந்தை நிற்க அந்த இடம் போதும். பட்டறையிலிருந்து வண்டியை வெளியே எடுக்கும் முன் விளக்கைச் சுவரில் அடித்துப் பார்ப்பதும், ஆளில்லாத சாலையில் சுமையோடும் சுமையில்லாமலும் பிரேக் பிடித்துப் பார்ப்பதும் அரைமணி நேர வேலை. அதற்குப் பொறுமையில்லாதவர் வண்டியை இருக்கிற உயரத்திலேயே ஓட்டுவது எல்லோருக்கும் நல்லது.