ஒன்று பலவாகும் கலை

புள்ளிகளை வரிசையாக வைத்துக் கோலமிடத் தொடங்கும் பெண்மணி, முற்றத்தை நிறைக்கவிருக்கும் நூற்றுக்கணக்கான வளைவுகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்து வைத்திருப்பதில்லை. ஒரு வளைவு புள்ளியை எவ்வாறு சுற்றுகின்றது, அடுத்த புள்ளியில் எவ்வாறு திரும்புகின்றது என்னும் இரண்டே செய்திகள் அவர் நெஞ்சில் நிற்கின்றன. எஞ்சியவற்றை ஒழுங்கு பார்த்துக்கொள்கின்றது. பலவற்றுள் மறைந்து கிடக்கும் ஒன்றைக் கண்டுகொள்பவருக்குப் பெருஞ்செயலும் எளிதாகின்றது.

இவ்வுண்மையை அறிஞர் உலகம் விளையாட்டாகக் கருதவில்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, கோலங்களுக்குரிய கணித இலக்கணத்தை 1974-ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். தொடக்க வடிவம் ஒன்று. அதனை வளர்க்கும் விதிகள் சில. அவற்றால் எத்துணைப் பெரிய கோலமும் பிறக்கும் என்பதே அதன் சாரம். தமிழ் மகளிர் வாசலில் வரைந்த கலை, கணிப்பொறி வரைகலைக்குப் பாடமாயிற்று.

அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்கு முன்னர், 1963-இல், அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்டு என்னும் இளைஞர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற வரைவு மென்பொருளைத் தம் முனைவர் பட்ட ஆய்வாகப் படைத்தார். திரையில் ஒளிப்பேனாவால் வரையும் வழியை அது காட்டியது. அதனினும் அரிய கருத்து ஒன்றும் அதில் இருந்தது. மூலவடிவம் ஒன்றை வரைந்துவிட்டால், அதன் சாயல்களை வேண்டுமிடமெல்லாம் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் சாயல்கள் அனைத்தும் தாமே திருந்தும். அறுகோணங்களை அடுக்கித் தேனடை போன்ற பரப்பை அமைத்து அவர் இதனை விளக்கினார். இன்றைய பொறியியல் வரைவு மென்பொருள்கள் யாவும் அக்கருத்தின் வழித்தோன்றல்களே எனலாம்.

வழி இவ்வாறு தெளிவாக இருந்தும், வரைவுக்கூடங்களில் இளைஞர் பலர் இடர்ப்படுவது ஏன்? சல்லடைத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோர்க்கு விடை விளங்கும். பக்கம் 500 மில்லிமீட்டர் உள்ள சதுரத் தகடு. 5 மில்லிமீட்டர் இடைவெளியில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகள். வரிசைக்கு 100, வரிசைகள் 100. ஆக மொத்தம் 10,000 துளைகள். பார்வைக்கு எளிய தகடுதான். ஆயினும் ஒவ்வொரு துளைக்கும் உட்சுவர் ஒன்று, மேலும் கீழுமாக வட்ட விளிம்புகள் இரண்டு. 20,000 விளிம்புகளைக் கணிப்பொறி நினைவில் தாங்க வேண்டும். வாடிக்கையாளர் மாலையில் வந்து, “தகட்டின் ஓரத்தைச் சற்றே மாற்றுங்கள்” என்கிறார். இளைஞர் ஓர் எண்ணைத் திருத்துகிறார். துளைகள் அனைத்தும் மீண்டும் கணிக்கப்படுகின்றன. திரை அசைவற்று நிற்கின்றது. வீடு செல்ல வேண்டிய நேரமும் கடந்து செல்கின்றது.

பழைய வரைபலகைக் காலத்தில் இத்துன்பம் இல்லை. அக்கால வரைஞர் 10,000 வட்டங்களைக் கவராயத்தால் வரைந்ததில்லை. மூலையில் சில துளைகளை வரைவார். ஏனையவற்றின் இருப்பிடத்தை மையக் கோடுகளால் காட்டுவார். எண்ணிக்கையையும் இடைவெளியையும் குறிப்பாக எழுதுவார். பட்டறையில் இருப்பவர் அதனைப் படித்துப் புரிந்துகொள்வார். கை சோர்வடையும் என்பதனால் அறிவு சிக்கனத்தைக் கற்றது. பொறியோ சோர்வை முகத்தில் காட்டுவதில்லை. ஆதலால் மனிதர் அதன் மீது அளவின்றிச் சுமத்தினர்.

சுமையைக் குறைக்கும் வழிகள் அனுபவம் உடையோர்க்குத் தெரியும். அடிவரைபடத்திலேயே ஆயிரம் வட்டங்களை வரையலாகாது; அவற்றின் உறவுகளைத் தீர்ப்பதிலேயே பொறி களைத்துவிடும். ஒரே வட்டத்தை வரைந்து, ஒரே துளையிட்டு, அத்துளையை வரிசையாகப் பெருக்குவதே முறை. விளிம்பு வளைவு போன்ற அழகுகளை அம்மூலத் துளையோடு சேர்க்காதிருத்தல் நன்று. தகட்டின் கனம் எங்கும் ஒன்றாயின், ஒவ்வொரு துளையையும் புதிதாகக் கணிக்காமல், முதல் துளையின் வடிவத்தை மட்டும் படியெடுக்குமாறு மென்பொருளுக்கு ஆணையிடலாம். கனம் வேறுபடும் இடத்தில் இவ்வழி பொருந்தாது. துளை வரிசையை வேலையின் இறுதிப் படியாக வைத்து, பிற பணிகள் நடக்கும்போது அடக்கி வைத்தலும் பெரும்பயன் தரும்.

இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. துளைகளையே இடாமல், தகட்டின் மீது துளைகளின் படத்தைப் போர்த்திவிடலாம். கண் ஏமாறும், கணிப்பொறியும் விரைந்து ஓடும். ஆயினும் ஈண்டு விழிப்பு வேண்டும். மேற்கூறிய தகட்டில் துளைகள் மொத்தப் பரப்பில் 28 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கொள்கின்றன. அவற்றை இடாத மாதிரியின் எடை, உண்மை எடையைவிட ஏறத்தாழ 39 விழுக்காடு மிகுதியாகத் தோன்றும். அவ்வெடையை நம்பித் தாங்கியையும் திருகாணியையும் தேர்ந்தெடுப்பவர் வீண்செலவு செய்வார். துளையற்ற தகட்டின் வலிமையைத் துளையுள்ள தகட்டின் வலிமையாகக் கருதுபவரோ ஆபத்தையே விலைக்கு வாங்குவார். ஆதலால் வடிவத்தைச் சுருக்கினாலும் செய்தியைச் சுருக்கலாகாது. உண்மை எடையைக் கணக்கிட்டுத் தனியே பதிந்து வைத்தல் வரைஞரின் கடமையாகும்.

எல்லா ஒழுங்கும் ஒரே அச்சில் வார்த்ததன்று என்பதையும் உணர வேண்டும். 2002-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலையரங்கின் கூரையைக் காண்போர் அதனை டுரியான் பழத்தோடு ஒப்பிடுவர். அங்கே 7,000-க்கும் மேற்பட்ட அலுமினிய நிழற்றகடுகள் கண்ணாடியின் மீது அணிவகுத்து நிற்கின்றன. வெயிலைத் தடுத்து ஒளியை உள்ளே விடுவதற்காக, இடத்துக்கிடம் அவற்றின் சாய்வும் வடிவும் வேறுபடுகின்றன. அவற்றை ஒன்றன் படியாக மற்றொன்றை வைத்துப் படைத்தல் இயலாது. ஆயினும் விதி ஒன்றே. இடத்திற்கேற்ப அளவு மாறுகின்றது. ஒரே வாய்பாட்டைக் கொண்ட சீர்கள் வெவ்வேறு சொற்களால் நிறைவதைக் கற்ற தமிழ் மாணவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இக்கலையில் மறைந்திருக்கும் பொறுப்பு ஒன்றுண்டு. மூலத்தைத் திருத்தினால் அனைத்தும் திருந்தும். மூலம் பிழைத்தால் அனைத்தும் பிழைக்கும். முதல் துளையின் விட்டத்தில் நேர்ந்த சிறு தவறு, 10,000 தவறுகளாகத் தகட்டில் பதிந்து, விலையுயர்ந்த உலோகத்தைக் குப்பையாக்கிவிடும். ஆகவே தேர்ந்த வரைஞர் பெருக்கும் கட்டளையைத் தருவதற்கு முன்னர் அந்த ஒரு துளையை மீண்டும் மீண்டும் அளந்து பார்க்கிறார். அதற்குச் செலவாகும் சில நிமிடங்களே அவர் வேலையில் மிக உயர்ந்த நிமிடங்கள் ஆகும்.