தட்டிவானில் ஏறிய காலம்

கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஓடிய தட்டிவானில் முதலில் ஏறுவது ஆக்கள் அல்ல, சாமான்கள். தேங்காய்ச் சாக்கு, முருங்கைக்காய்க் கட்டு, வாழைக்குலை, பலாப்பழம் என்று தென்மராட்சி விளைவித்ததெல்லாம் கூரைமேல் பாதியும் இருக்கைக்குக் கீழே மீதியுமாய் ஏறின பிறகு, மிஞ்சின இடத்தில்தான் நாங்கள். பின்பக்கம் சங்கிலியில் ஒரு பலகை கிடையாகத் தொங்கும். அதுதான் தட்டி. உள்ளே கொள்ளாத மூட்டையும், மூட்டையை விட்டுப் பிரிய மனமில்லாத வியாபாரியும் அதில்தான் பயணம். பெடியளுக்கு அதில் நின்றுகொண்டு வர இடம் கிடைத்தால் போதும், வீட்டுக்குப் போய்ச் சேரும்போது தலைமயிர் முழுக்கப் புழுதி.

"ஆச்சி, கடகத்தை இஞ்சாலை தாங்கோ. நீங்கள் முன்னாலை போய் இருங்கோ."

"கவனம் மோனை, அடியிலை முட்டை கிடக்கு."

செவர்லே போன்ற பழைய வாகனங்களின் அடிச்சட்டமும் எஞ்சினும்தான் கடல் கடந்து வந்தவை. மேல்கூடு எங்கள் ஊர்த் தச்சர் செய்தது. பக்கங்கள் திறந்தே இருக்கும். மழை வந்தால் சுருட்டி வைத்த படங்குச் சீலையை அவிழ்த்துவிட வேண்டியதுதான். நேர அட்டவணை கிடையாது. நிறைந்தால் வெளிக்கிடும். 1958இல் தனியார் பஸ்கள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்த பிறகு றோட்டுக்கு ஓர் ஒழுங்கு வந்தது, ரிக்கற் வந்தது. ஆனால் பஸ் ஆக்களுக்காகச் செய்தது. சாக்கு நிறையத் தேங்காயோடு நிற்பவர் அதற்குக் கைகாட்டிப் பயனில்லை. அதனால்தான் தட்டிவான் செத்துப்போகாமல் சந்தைகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

சொந்தக் கார் என்றால் அந்த நாளில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட். 1952இலிருந்து 1954 வரை மட்டும் இங்கிலாந்தில் செய்த ஏ-40 சோமசெற், செய்தவர்கள் மறந்த பிறகும் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடியது. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகப் புதுக்கார் வருவது அருமையாகிப் போனது. உதிரிப்பாகம் இல்லையென்றால் லேத் பட்டறையில் கடைந்து போடுவார்கள். பழுதுபார்ப்பவர்களை நாங்கள் மெக்கானிக் என்று சொல்வதில்லை, கராச்சுக்காரர் என்போம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு பழுது என்று சொல்லிவிடுவார்கள்.

அந்தக் கைகளுக்குப் பெரிய சோதனை 1990இல் வந்தது. சண்டை திரும்பத் தொடங்கப் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் ஓரளவு கிடைத்தது. அப்போதுதான் கிழட்டுக் கார்களின் அருமை தெரிந்தது. எஞ்சினில் அமுக்கம் குறைவென்பதால் அவை மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. ஆகவே காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டு, முன்னால் ஹான்டிலைச் செருகிச் சுழற்றி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சாரதியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சின்னப் போத்தல் பெற்றோல், தீர்த்தம் மாதிரி. கார் போய்க் கனநேரத்துக்குப் பிறகும் ஒழுங்கையில் புகை அடங்காது. மோட்டார் சைக்கிளுக்கும் இதே வைத்தியம். மற்றவர்களுக்குச் சைக்கிள். அதில் விறகு போனது, நோயாளி போனார், இடம்பெயரும்போது ஒரு வீடே கட்டப்பட்டுப் போனது.

யாழ்தேவி ரயில் 1956இல் ஓடத் தொடங்கியது. அதே 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழன்று பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. ரயில் வராத ஊரில் ரயில்பாதை ஆக்களைக் காப்பாற்றியது அப்படித்தான்.

ஆனையிறவும், பூநகரிச் சங்குப்பிட்டித் துறையும் அடைபட்ட பிறகு வன்னிக்குப் போக மிஞ்சியது கிளாலிக் கடல்நீரேரி மட்டும். இருட்டில், விளக்கில்லாமல், எஞ்சின் பூட்டிய ஒரு படகு மற்றப் படகுகளைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு போகும். பரீட்சைக்குப் போகும் பிள்ளை, ஓய்வூதியம் எடுக்கப் போகும் வாத்தியார், கொழும்பில் விசாவுக்கு நிற்கப் போகும் பெண் எல்லோரும் நனைந்த உடுப்போடு ஒரே பலகையில். 1993 தை 2ஆம் திகதி இரவு கடற்படையின் தாக்குதலில் அப்படிப் போன பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். அடுத்த கிழமைகளிலும் சனம் அதே நீரேரியால்தான் போனது. வேறு வழி இருக்கவில்லை.

இப்போது எல்லாம் இருக்கிறது. 2011இல் சங்குப்பிட்டிக்குப் பாலம் வந்தது. 2014இல் யாழ்தேவி திரும்பவும் யாழ்ப்பாண ஸ்ரேசனுக்கு வந்தது. ஏ-40 கலியாண வீடுகளில் பூமாலை போட்டு மாப்பிள்ளையை ஏற்றுகிறது. மிஞ்சிய ஒன்றிரண்டு தட்டிவான்களை வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள்.

மண்ணெண்ணெய்ப் புகையும் கிளாலி இரவும் திரும்ப வேண்டுமென்று ஒருத்தரும் நேர்த்தி வைக்கப் போவதில்லை. அந்தக் கெட்டித்தனமெல்லாம் வேறு வழியில்லாமல் கற்றது. தேவை போனதும் அது போனதில் எனக்குக் கவலையில்லை. தட்டிவானின் கணக்கு மட்டும் வேறு. அது தடைக்காலத்துக்காக வந்ததல்ல, சந்தைக்காக வந்தது. சந்தை இன்றும் கூடுகிறது. இரண்டு கடகம் மரக்கறியோடு வரும் ஆச்சி ஓட்டோ பிடித்து, விற்ற காசில் ஒரு பங்கைக் கூலியாகக் கொடுத்துவிட்டுப் போகிறா. சொகுசு பஸ்ஸும் குளிரூட்டிய ரயிலும் வந்த ஊரில், அவவையும் கடகத்தையும் ஒன்றாக ஏற்றவென்று ஒரு வண்டி செய்ய இன்னும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.