வாப்பா விட்டுச் சென்ற கடைசல் இயந்திரம்

வீட்டையும் நிலத்தையும் பாகம் பிரிக்கலாம், நகையை நிறுக்கலாம், ரொக்கத்தை எண்ணலாம். ஆனால், ஒரு மனிதர் தம் ஆயுள் முழுவதும் உழைத்துப் பிழைத்த கருவியை எந்தத் தராசில் வைப்பது? பழைய இரும்பு வியாபாரியின் தராசு ஒன்றே அதற்கு ஆயத்தமாக இருக்கிறது. வாப்பா மௌத்தான பின், அவர்களுடைய மரக் கடைசல் இயந்திரத்துக்கும் அந்தக் கதியே நேர இருந்தது. ராத்தாதான் தடுத்தார்கள். “என் பங்கையும் உனக்கே விட்டுத் தருகிறேன், தம்பி. ஆனால் சாக்குப் போட்டு மூடி வைக்காதே, அது ஓட வேண்டும்” என்றார்கள்.

நெல்லைச் சீமையிலே அம்பாசமுத்திரம் மரச்சொப்புகளுக்குப் பெயர் பெற்ற ஊர். குழந்தைகள் விளையாடும் குடமும் அடுப்பும் ஆட்டுக்கல்லும் கடைசல் பட்டறையில் பிறந்தவை. அவற்றுக்குத் தூரிகையால் வண்ணம் தீட்டுவதில்லை. சுழலும் மரத்தின்மீது வண்ண அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகிப் படியும். தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு ஏறும். வாப்பா சொப்புகளோடு தொட்டில் கால்களும் கடைந்தார்கள். பிளாஸ்டிக் வந்தது, பட்டறைகள் குறைந்தன.

இயந்திரத்தை நிலைநிறுத்துவதே ஒரு கல்வியாயிற்று. மண்ணெண்ணெய் தடவி ஊறவைத்துத் துருவைத் துடைத்தேன். தளத்தில் அதன் கால்கள் நான்கும் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால், இரும்புச் சட்டமே முறுக்கிக்கொள்ளும். ஆகவே ரசமட்டம் வைத்துப் பார்த்து, தாழ்ந்த காலுக்குத் தகடு கொடுத்து, பிறகே போல்ட்டை முடுக்கினோம். மரத்தைப் பிடிக்கும் இரு முனைகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் முத்தமிட வேண்டும். மயிரிழை விலகினாலும் வேலை கோணலாகும். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்றுச் சுற்றுவது. அதன் தண்டில் 3 அங்குலக் கப்பியும் இயந்திரத்தில் 6 அங்குலக் கப்பியும் பூட்டி, வேகத்தை 720 ஆகக் குறைத்தோம். பருத்த மரத்துக்கு வேகம் ஆகாது. மோட்டாரை முடுக்குமுன் மரத்தைக் கையால் ஒருமுறை சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பார்ப்பது கட்டாயம். தோள் துண்டும் தொங்கும் சட்டைக் கையும் பட்டறைக்கு வெளியே நிற்க வேண்டியவை.

இவ்வளவும் செய்தும் இயந்திரம்தான் என்னுடையதாயிற்று; தொழில் என்னுடையதாகவில்லை. வாப்பாவிடம் வேலை பார்த்த முதியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். அவரை அழைத்து வந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாப்பாவின் உளிகளைத்தான் நெடுநேரம் பார்த்தார். தீட்டித் தீட்டி அவை பாதியாய்க் குறுகியிருந்தன. பிறகு சொன்னார்: “அழுத்தாதீங்க தம்பி. முதல்ல உளியோட முதுகு மரத்துல படணும். அப்புறம் மெல்லப் பிடியைத் தூக்கினா, வாய் தானா வெட்டும். சத்தத்தைக் கேளுங்க.”

உண்மைதான். உளி சரியாக அமர்ந்தால் மெல்லிய சீறலோடு சுருள் சுருளாகச் சீவல் பறக்கும். தவறினால் கடகடவென்று அதிரும். கண் காண்பதற்கு முன் காது அறிந்துவிடுகிறது. அந்தச் செவியறிவு எந்த ஏட்டிலும் இல்லை; அந்தப் பெரியவரிடம் இருக்கிறது. அவருக்குப் பின் யாரிடம் இருக்கும் என்பதே என் கவலை. பல வாரங்கள் பழகிய பின் ஒரு பழந்தொட்டிலுக்குக் குறைந்திருந்த நான்காவது காலைக் கடைந்தேன். பெரியவர் நான்கையும் விரலால் தடவிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டையை எடுத்துக் கொடுத்தார்.

நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸ் கூறுகிறது. கைத்தொழிலைக் கண்ணியமாகக் கருதிய சமுதாயம் நம்முடையது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தறியோ, தையல் இயந்திரமோ, உளிப் பெட்டியோ உறங்கிக் கொண்டிருக்கலாம். பொருள் வாரிசுரிமையாக வந்து சேரும். வித்தை அவ்வாறு வருவதில்லை. அதை அறிந்தவர் உயிரோடு இருக்கும்போதே அவர்முன் போய் நிற்க வேண்டும்.