பாகாயத்தில் ஒரு பகல்

வேலூர் என்றதும் கோட்டையும், 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பணியும் நம் நினைவிற்கு வரும். நகரின் ஆரவாரத்தைக் கடந்து ஆரணிச் சாலையில் சென்றால் குன்றுகள் சூழ்ந்த பாகாயத்தை அடையலாம். அம்மருத்துவமனையின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் அங்குதான் இயங்கிவருகிறது. அண்மையில் ஒரு நாள் அங்குச் சென்றிருந்தோம்.

இந்நிலையத்தின் வரலாறே ஒரு விபத்தில் தொடங்குகிறது. 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் முதுகுத்தண்டு அடிபட்டுக் கால்களின் இயக்கத்தை இழந்தார். ஆயினும், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, இந்நிலையம் உருவாகக் காரணமானார். 1986இல் அவர் மறைந்தார். முதுகுத்தண்டு அடிபட்டோரோடு, மூளை அடிபட்டோரும் இன்று இங்கே பயிற்சி பெறுகின்றனர்.

நோயாளருடன் வரும் உறவினர் இங்கு வெறும் துணையாள் அல்லர், அவரும் மாணாக்கரே. தாழ்வாரத்தில் ஒரு தாயையும் பத்து வயது மகனையும் கண்டோம். தந்தையின் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன் அவன். "அப்பா எப்போ வருவாரு?" என்று மும்முறை கேட்டான். மும்முறையும் அதே குரலில் விடை கூறினார் தாய்.

"காயம் ஆறிடுச்சே, இன்னும் என்னன்னு ஊர்ல கேக்கறாங்க ஐயா. பள்ளிக்கூடத்துல சோம்பேறின்னாங்க. நானும் அடிச்சிருக்கேன். இங்க வந்த பிறகுதான் தெரிஞ்சது" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

எதை அறிந்துகொண்டார் அவர்? மேற்காயம் சில வாரங்களில் ஆறும். மூளை தேறுவதற்கோ மாதங்களும் ஆண்டுகளும் ஆகலாம். மறதி, விரைவில் வரும் களைப்பு, திடீர்ச் சினம் ஆகியவை குறும்பல்ல, அடிபட்டதன் விளைவுகள். வளரும் பருவமாதலால், சில குறைகள் பாடம் கடினமாகும் பின்னாளிலேயே வெளிப்படும். எனவே, ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் சொல்வது, அன்றாட ஒழுங்கை மாற்றாதிருப்பது, இரைச்சலைக் குறைப்பது, இடையிடையே ஓய்வளிப்பது, ஆசிரியரிடம் உண்மையை விளக்கி முதலில் அரைநாள் மட்டும் பள்ளிக்கு அனுப்புவது ஆகியவையும் மருத்துவமே.

அன்றைய வேலைகளை வரிசையாக எழுதிய தாள் ஒன்று சிறுவனின் கையில் இருந்தது. பல் துலக்கியாயிற்று, சட்டைப் பொத்தான் போட்டாயிற்று. ஒவ்வொன்றிற்கும் எதிரே அவனே குறியிட்டிருந்தான்.

அவனுடைய தங்கை ஊரில் பாட்டியிடம் இருக்கிறாள். தந்தை கூலி வேலைக்குச் செல்கிறார். தாய் முழு இரவு உறங்கிப் பல மாதங்களாயின. நம் பங்கிலும் இத்தகைய குடும்பம் இருக்கக்கூடும். "இன்னும் சரியாகவில்லையா?" என்று கேட்பதை விடுத்து, ஒரு மாலை அச்சிறுவனோடு அமர்ந்து தாயை உறங்கச் செய்யலாம். தங்கையை நம் பிள்ளைகளோடு விளையாட அழைக்கலாம்.

நாம் விடைபெற்றபோது சிறுவன் தாளைப் பார்த்தான். "அடுத்து நடைப்பயிற்சி அம்மா" என்று தானே எழுந்தான்.