அம்மாவின் ஆயிரம் ரூபாய்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

"ஆண்டு மலருக்கு நீயும் ஏதாவது எழுதிக் கொடு" என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, எனக்குக் கவிதை வராதே என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "கவிதைக்கு ஆள் நிறைய இருக்கு. நீ வேற ஏதாவது எழுதுப்பா" என்று விட்டான். வேறு ஏதாவது என்றால் என்னிடம் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டுதான். அதில் இருப்பது எங்கள் வீட்டுக் கடன் கணக்கு. இதை மலரில் எழுதட்டுமா என்று வீட்டில் கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. அம்மாதான், "எழுதினா எழுதிட்டுப் போ கண்ணு. நம்ம வீதியில யாருக்குத்தான் இல்லை?" என்றாள். ஆகவே எழுதுகிறேன், நண்பர்களே.

எங்கள் ஊர் பள்ளிபாளையம். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. ஊர் முழுக்க விசைத்தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வோம். அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா அதே பட்டறையில் தார் சுற்றுகிறாள். சனிக்கிழமை கூலி. அப்பாவுக்கு 3,600, அம்மாவுக்கு 1,400, ஆக வாரம் 5,000. பாவு இல்லாத வாரத்தில் இது குறையும், கூடுவது கிடையாது. தங்கை ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

மேனேஜ்மெண்ட் பாடத்தில் வீண் செலவைக் குறைப்பது பற்றிப் படித்த சூட்டில், போன வருஷம் வீட்டில் நான் ஒரு சிக்கனத் திட்டம் கொண்டுவந்தேன். அப்பா ஒரு நாளைக்குக் குடிக்கும் நாலு டீயில் இரண்டை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைக் கோழியை ஒன்றுவிட்டு ஒரு வாரம் ஆக்கினேன். கேபிளைத் துண்டித்தேன். அப்பா இரண்டு வாரம் எல்லார் மேலும் எரிந்து விழுந்தார். தங்கை என்னோடு பேசுவதை நிறுத்தினாள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், டீயில் 600, கோழியில் 400, கேபிளில் 200. ஆக மிச்சம் 1,200. பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். "அடகுக் கடைக்கு மாச வட்டி ஆயிரத்து எரநூறு. சரியாப் போச்சு" என்றாள். அவள் கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அந்தக் காசை எடுத்துக்கொண்டு கடைக்குத்தான் போனாள்.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது 2025 ஜூலையில். கடனில் மாட்டிய விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகத்தை விலை பேசுகிறார்கள் என்ற செய்தி பள்ளிபாளையத்தின் பெயரோடு நாளிதழ்களில் வந்தது. டீக்கடையில் படித்துவிட்டு வந்த அப்பா அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. "நமக்கு மொத்தம் எவ்வளவுடா இருக்கும்?" என்று கேட்டார். அவருக்கே தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. யாருக்கு எந்தக் கிழமை எவ்வளவு தரவேண்டும் என்பது மனப்பாடம். மொத்தம் மட்டும் யாரும் கூட்டிப் பார்த்ததில்லை. கூட்டிப் பார்க்கப் பயம். அன்றைக்குத்தான் நான் நோட்டை எடுத்தேன்.

முதலில் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் தறி நின்றபோது அடகுக் கடையில் 60,000-க்கு வைத்தது, இரண்டு வட்டி. வருஷா வருஷம் சீட்டை மாற்றி எழுதி வந்திருக்கிறோம். நான்கு மாத வட்டி பாக்கி, ஆக 64,800. இதுவரை வட்டியாகவே கட்டியது ஐம்பதாயிரத்துக்கு மேல்.

அடுத்தது தண்டல். பத்தாயிரம் என்று பேச்சு, கையில் வந்தது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். 62 நாள் பாக்கி இருந்தது. ஆயிரத்தைந்நூறுதானே வட்டி என்று அப்பா சொன்னார். நான் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 8,500-ம் நூறு நாள் நம்மிடம் இருப்பதில்லை. மறுநாளிலிருந்தே திரும்பப் போகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிப் பணம்தான் நம் கையில் இருக்கிறது. அப்படிக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதத்துக்கு மேல் வட்டி வருகிறது. முடிந்த அன்றைக்கே அடுத்த தண்டலை எடுத்துவிடுவோம். அதனால் தண்டல் என்பது எங்கள் வீட்டில் கடனாகவே தெரிந்ததில்லை, பால் கணக்கு மாதிரி ஒன்றாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2003-லேயே தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. எங்கள் வீதிக்கும் அது தெரியும். ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சட்டமா வந்து பணம் தரும் என்பார்கள். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

பிறகு அம்மாவின் குழுக் கடன். 50,000 ரூபாய், 24 மாதம், மாதம் 2,650. இன்னும் 11 தவணை, அதாவது 29,150. வசூலுக்கு வருபவர் "வட்டி பதிமூணு சொச்சம்தாம்மா" என்று சொல்லியிருந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் 24 சதவீதம் என்று போட்டிருந்தது. இரண்டும் பொய்யில்லை, அதுதான் வேடிக்கை. கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருகிறது; ஒரு வருஷத்தில் ஏறக்குறைய பாதி அடைந்துவிடுகிறது. ஆனால் வாயால் சொல்லும்போது கடைசி மாதம் வரை முழு 50,000-மும் நம்மிடமே இருப்பதுபோல வைத்து வட்டியைச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் 24 என்பது பதிமூன்றரைபோலத் தெரியும். நம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு அட்டை இருக்கும். இன்றைக்குப் போய்ப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

அதன் பிறகு மளிகைக் கடைப் பற்று 2,300. அப்பா பட்டறையில் வாங்கிய முன்பணத்தில் பாக்கி 38,000. வாரம் 300 பிடித்துக்கொள்வார்கள். கடைசியாக என் பெயரில் ஒரு வரி: தவணையில் வாங்கிய செல்போன், மாதம் 1,450, இன்னும் ஐந்து மாதம். 2024 ஆகஸ்ட்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்ததிலிருந்து அரசாங்கம் எனக்குத் தரும் ஆயிரமும் அம்மாவிடம் வாங்கும் 450-ம் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தன. அப்பாவின் டீயை நிறுத்திய மகான் நான். அந்த வரியை எழுதும்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கூட்டினால் 1,47,700 வந்தது. அப்பா ஒரு பெருமூச்சு விட்டு, "ரெண்டு லட்சத்தைத் தாண்டும்னு நெனச்சேன்" என்றார். எல்லாரும் படுத்துவிட்டோம்.

மறுநாள் காலை அடுப்படியில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "அந்த நோட்டுல இன்னொன்னு எழுதணும் கண்ணு. உங்கப்பாவுக்குத் தெரியாது." இருபதாயிரம். அஞ்சு வட்டி. பக்கத்து வீதி அக்கா ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கியது. எதுக்கும்மா என்றேன். "உன்னைச் சேர்த்தும்போது" என்றாள்.

2023 ஆகஸ்ட்டில் நான் இங்கே சேர்ந்தபோது கட்டிய பணம் அது. பெரியம்மா கொடுத்தது என்று என்னிடம் சொல்லியிருந்தாள். அடுத்த மாதமே, 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி, மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் ஆயிரம். அஞ்சு வட்டிக்கு மாத வட்டியும் ஆயிரம். பணம் வந்த குறுஞ்செய்தி வந்ததும் எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாளாம். 23 மாதம், 23,000 ரூபாய். அசல் இருபதாயிரம் அப்படியே நிற்கிறது. அவள் பெயருக்கு வந்த பணத்தில் ஒரு பத்து ரூபாயைக்கூட அவள் தனக்கென்று செலவு செய்ததில்லை. நான் அடுப்புத் திண்டில் சாய்ந்துகொண்டு நின்றேன். காலேஜ் பஸ்ஸை அன்று விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் சொல்லும்போது சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல" என்றார், அவ்வளவுதான். "சொல்லியிருந்தா பட்டறையில இன்னும் முன்பணம் வாங்கியிருப்பீங்க" என்றாள் அம்மா. அதற்கு அவரிடம் பதில் இல்லை.

1,67,700 என்று திருத்தி எழுதினேன். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து கடன்களை வேறு வரிசையில் எழுதிப் பார்த்தோம். அதுவரை யார் வாசலில் நின்று அதிகம் சத்தம் போடுவார்களோ அவர்களுக்குத்தான் முதலில் கொடுத்து வந்தோம். குழுக் கடன் நாள் என்றால் பத்துப் பெண்கள் முன்னால் மானம் போகும், அதனால் அது தவறாது. அடகுக் கடைக்காரர் சத்தமே போட மாட்டார், அதனால் அவருக்குக் கடைசி. ஆனால் வட்டி அதிகம் தின்பது யார் என்று பார்த்தால் வரிசை தலைகீழாக இருந்தது. தண்டலை முன்கூட்டி அடைத்தால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை, வட்டியை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். ஆகவே அதை ஓட விட்டு, முடிந்ததும் புதிதாக எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். உடனே அடைக்க வேண்டியவை அஞ்சு வட்டியும் அடகுக் கடையும்.

சங்கிலியை மீட்டுக் கூட்டுறவு வங்கியில் வைத்தால் நூற்றுக்கு மாதம் 80 பைசாதான் வட்டி. சொல்ல எளிது. வங்கியில் வைக்கச் சங்கிலி கையில் வேண்டும், சங்கிலி கைக்கு வர 64,800 வேண்டும். இந்த ஒரு நாள் பணம் புரட்ட முடியாமல்தான் பல வீடுகளில் நகை அடகுக் கடையிலேயே கிடக்கிறது. கடைசியில் பவானியிலிருந்து மாமா வந்தார். நெல் விற்ற பணத்தை மஞ்சள் பையில் சுற்றி எடுத்து வந்து, "சாயங்காலம் நான் திரும்பிப் போகையில பணம் பையில இருக்கோணும்" என்று சொல்லி, அடகுக் கடையிலும் வங்கியிலும் எங்களோடேயே உட்கார்ந்திருந்தார். சங்கிலியை மதிப்பீட்டாளர் கல்லில் உரசிப் பார்த்த ஐந்து நிமிஷம் அம்மா மூச்சே விடவில்லை.

அப்போது பவுன் 70,000-ஐத் தாண்டியிருந்த நேரம். "ஒன்றரை லட்சம் வரைக்கும் வாங்கிக்கலாமே" என்றார் அங்கிருந்தவர். அம்மா 86,000 மட்டும் போதும் என்றாள். மாமாவுக்கு 64,800, புரோநோட்டுக்கு அசலும் அந்த மாத வட்டியுமாக 21,000. அவ்வளவுதான் கணக்கு. மாதம் 2,200 ஆக இருந்த வட்டி 688 ஆனது.

இதில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. பட்டறை முன்பணத்துக்கு வட்டி கிடையாது என்று நோட்டில் கடைசியில் எழுதியிருந்தேன். அப்பாதான் பென்சிலை வாங்கி அதன் பக்கத்தில் 1,600 என்று எழுதினார். வேறொரு பட்டறையில் வாரம் 400 கூடுதலாகத் தருகிறார்களாம், முன்பணத்தை அடைக்காமல் போக முடியாது. 38,000-க்கு மாதம் 1,600 நஷ்டம் என்றால் அதுவும் நாலு வட்டிக் கடன்தான். அப்படியானால் வங்கியிலேயே இன்னொரு 38,000 சேர்த்து வாங்கி அதையும் அடைத்துவிடலாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "சங்கிலி மேல இன்னும் ஏத்தினா அது திரும்பி வராது. நாளைக்கு உங்கப்பாவுக்கு ஒண்ணுன்னா ராத்திரியில யாரு வீட்டுக்குப் போறது? முதலாளி வீட்டுக்குத்தானே?" என்றாள். கணக்குப்படி நான் சொன்னதுதான் சரி என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ராத்திரியில் போய்க் கதவைத் தட்டியவள் அவள்தான், நானில்லை.

எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். தீபாவளிக்கு அப்பா யாரிடமும் சொல்லாமல் மறுபடி 5,000 முன்பணம் வாங்கிவிட்டார். தங்கைக்குச் சுடிதார், அம்மாவுக்குச் சேலை, எனக்குப் பேண்ட். மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை. நோட்டில் நான் அதை எழுதவில்லை, அவரே எழுதி வைத்தார். ஆனால் தண்டல் செப்டம்பரில் முடிந்ததும் மறுபடி எடுக்கவில்லை. அந்த 3,000 அக்டோபரிலிருந்து மாதாமாதம் சங்கிலிக் கடன் அசலுக்குப் போகிறது. பிப்ரவரியோடு 71,000-க்கு வந்திருக்கிறது. என் செல்போன் தவணை டிசம்பரில் முடிந்தது. ஜனவரியிலிருந்து என் ஆயிரத்தை அம்மா கையில் கொடுக்கிறேன். மளிகைப் பற்றை அடைத்த பிறகு, கடனுக்கு வாங்கும் கடையிலேயே வாங்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அம்மா கட்டணமில்லாத பஸ்ஸில் ஈரோடு சந்தைக்குப் போய் வருகிறாள். முன்பு தினம் சின்னப் பாக்கெட்டாக வாங்கிய எண்ணெயை இப்போது லிட்டராக வாங்குகிறோம். அப்பாவுக்கு நாலு டீயையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. புரோநோட்டைத் திருப்பி வாங்கிய பிறகு வந்த முதல் உரிமைத் தொகை. ஆகஸ்ட் 15, லீவு நாள். அம்மா கேட்டதால் நான்தான் ஏ.டி.எம். போய் எடுத்து வந்து, இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வழக்கம்போலச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். அப்புறம்தான் ஞாபகம் வந்து திரும்பி வந்தாள். பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்தாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. "என்னம்மா, ஒண்ணும் வாங்கலையா?" என்றேன்.

"இருக்கட்டும் கண்ணு. இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கட்டும்" என்றாள்.