பெயிண்ட் கடைசி வேலை

விற்கப்போகிற வீட்டை முதல்முறை போய்ப் பார்ப்பது ஐப்பசி, கார்த்திகையாக இருந்தால் எனக்கு நல்லது. சித்திரை வெயிலில் எந்தச் சுவரும் காய்ந்துதான் நிற்கும். வடகிழக்குப் பருவமழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்த மறுநாள் போனால், சன்ஷேடுக்கு மேலே எந்த மூலையில் கறை இறங்குகிறது, குளியலறையின் பின்சுவரில் எங்கே உப்புப் பூத்திருக்கிறது, மொட்டைமாடியில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது என்று ஒவ்வொன்றும் கண்ணில் படும்.

மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், குரோம்பேட்டைப் பக்கத்துப் பழைய தனிவீடுகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. பெரியவர்கள் காலமாகியிருப்பார்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். "தை பிறந்ததும் வித்துடணும் சார், ஒரு கோட்டிங் பெயிண்ட் மட்டும் அடிச்சுக் குடுத்துடுங்க" என்பார்கள். பெயிண்ட் கடைசி வேலை என்று அவர்களை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் என் முதல் வேலை.

ஓதம் ஏறிய சுவரில் புட்டி வைத்து எமல்ஷன் அடித்தால் அடுத்த மழைக்கு உரிந்துவிடும். சுவருக்குள் இருக்கும் ஈரம் செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு தங்கிப் படிகமாகிப் பருக்கிறது. பருக்கிற வேகத்தில் பூச்சைத் தள்ளுகிறது. எத்தனை கோட்டிங் அடித்தாலும் இந்த வேலை உள்ளே நடந்துகொண்டே இருக்கும். ஆகவே ஈரம் வரும் வழியைக் கண்டுபிடித்தாக வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குள் ஒரே மட்டமாகக் கறை நின்றால் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிறது என்று சந்தேகப்படுவேன். ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் உள்ளே ஓடும் குழாயைப் பார்ப்பேன். சந்தேகம் தீராவிட்டால் ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுவேன். தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை. மாடிக் குளியலறை என்றால் வடிகாலைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்ப்பேன்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கத்திலிருந்து எப்போதாவது மெட்ராஸ் டெர்ரஸ் போட்ட வீடு வரும். அந்த நாட்களில் எனக்கு வேறெதிலும் மனம் ஓடாது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகவும் கோணலாகவும் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம் அது. இறுதியில் தட்டோடு. அங்கே ஒழுகினால் ஒரு மூட்டை சிமெண்டைக் கரைத்து ஊற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். எனக்கு நெஞ்சு பதறும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். இறுக்கமான சிமெண்டுப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து உத்தரத்தை உளுத்துப்போகச் செய்யும். ஓடுகளின் சந்துகளைச் சுரண்டி மறுபடி சுண்ணாம்புச் சாந்தையே நிரப்பத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிக்க நாளாகும். அந்தக் காத்திருப்பை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"வாங்குறவன் எப்படியும் இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டப்போறான், எதுக்கு சார் இவ்வளவு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இடிக்கத்தான் வாங்குகிறார் என்று உறுதியானால் சுவரை நான் தொடுவதே இல்லை; குப்பையை அகற்றி எல்லைக்கல்லைக் காட்டினால் போதும். குடியிருக்க வருகிறவரிடம் மட்டும் மறைக்கக்கூடாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தென்படாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை அது மோசடியாகவே கருதுகிறது. புட்டி வைத்து மூடிய ஓதம் வேறென்ன?

மார்கழியில் காகித வேலை. அந்த மாதம் விலை பேச யாரும் வரமாட்டார்கள், ஆனால் தாலுகா அலுவலகம் திறந்திருக்கும். அப்பா பெயரிலேயே பட்டா இருக்கும், சொத்து வரி அம்மா பெயரில் இருக்கும், மின் இணைப்பு தாத்தா பெயரில் இருக்கும். உயில் இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூலப்பத்திரம் தொலைந்திருந்தால் போலீஸ் புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று மாதங்கள் ஓடிவிடும். அமெரிக்காவில் இருக்கும் தங்கை இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பும் பொது அதிகாரப் பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். சுத்தியலை எடுப்பதற்கு முன் இவற்றைத் தொடங்கச் சொல்வேன்.

தை, மாசியின் காய்ந்த காற்று பூச்சு வேலைக்கென்றே வாய்த்தது. பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி, சுவரை ஆறவிட்டு, பிறகுதான் புதுப்பூச்சு. ஒரு வாரம் தண்ணீர் தெளித்து, அதன்பின் மூன்று வாரமாவது சும்மா விடவேண்டும். அந்த இடைவெளியில் கரையான் பிடித்த நிலைக்கட்டையைத் தட்டிப் பார்ப்பது, பழைய ஒயரை மாற்றி மின்கசிவுப் பாதுகாப்புக்கு ஆர்.சி.சி.பி. பொருத்துவது, சம்ப் கழுவுவது எல்லாம் முடிந்துவிடும். மழைநீர் சேகரிப்புத் தொட்டி தமிழ்நாட்டில் 2003லேயே கட்டாயமாகிவிட்டது. மணல் மூடிப்போன அந்தத் தொட்டியையும் தூர்வாரி வைப்பேன்.

பரணைக் காலி செய்வதை மட்டும் குடும்பத்தாரே செய்யட்டும் என்று விலகிவிடுவேன். ஊஞ்சல் பற்றி மட்டும் முன்கூட்டியே கேட்பேன். சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி கதவு, சன்னல், பூட்டு, சாவி, நிரந்தரப் பயன்பாட்டுக்காக வீட்டில் அமைத்தவை எல்லாம் வீட்டோடு போகும். சங்கிலி போட்டுத் தொங்கும் தேக்குப் பலகை அதில் சேருமா சேராதா என்ற பேச்சு, அட்வான்ஸ் வாங்கிய பிறகு கிளம்பினால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு. பூஜையறைக் கதவுக்கும் இதே கதைதான். எடுத்துப்போவதாக இருந்தால் இப்போதே கழற்றி, கொக்கி இருந்த இடத்தைப் பூசிவிடலாம். விட்டுப்போவதாக இருந்தால் கிரைய ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடலாம்.

பங்குனியில் பெயிண்ட். வீடு முழுக்க ஒரே வெளிர் நிறம் போதும், வருகிறவர் தன் நிறத்தை அடித்துக்கொள்ளட்டும். சித்திரை, வைகாசியில் ஆட்கள் பார்க்க வருவார்கள். ஆடிக்கு முன் பத்திரம் பதிய எல்லோருக்கும் அவசரம் இருக்கும். பார்க்க வரும் நாளில் ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன், வாசனை வந்தாலே எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். காலையிலேயே சன்னல்களைத் திறந்து வைத்தால் போதும்.

சாவியோடு ஒரு தாளும் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். போர் தண்ணீர் வால்வு எது, மெட்ரோ தண்ணீர் வால்வு எது, சுவருக்குள் குழாய் எங்கே ஓடுகிறது, எந்த மூலையில் ஓதம் இருந்தது, அதற்கு என்ன செய்தோம், பெயிண்டின் ஷேடு எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். வாங்கியவர்கள் சில வருடம் கழித்து அந்தத் தாளை வைத்துக்கொண்டு போன் செய்வதுண்டு, பெரும்பாலும் வால்வைப் பற்றிக் கேட்க.